ஏழாவது கேள்வி

பல்கலைக்கழக நுழைவாயிலை ஒட்டிய கண்ணாடிப் பலகையில் வருஷா வருஷம் தேர்வுக்கு மூன்று வாரம் முன்பு அடுத்த ஆண்டுக் கட்டணத்தை ஒட்டிவிடுவார்கள். பிள்ளைகள் கும்பலாக வந்து பார்ப்பார்கள், கண்டபடி திட்டுவார்கள், போனில் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். திட்டிக்கொண்டே கட்டுவது பழகிப்போயிருந்தது. இந்த வருஷம் அந்த நாள் வந்தது, போனது, பலகையில் ஒரு எண்ணும் ஏறவில்லை. நான்காம் நாள் ஒரே ஒரு வெள்ளைத் தாள் தொங்கியது. "கட்டண விவரம் இந்த ஆண்டு முதல் அவரவர் பெயருக்குத் தனி உறையில் அனுப்பப்படும். மற்றவர்களுடன் ஒப்பிட வேண்டாம்."

அந்த இரண்டாவது வரியைப் புள்ளி இரண்டு தடவை படித்தாள். ஏதோ புது நடைமுறையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

புள்ளி என்பது அவள் பெயரல்ல. படித்தது புள்ளியியல், அதனால் அறைத்தோழி முதல் வாரமே வைத்த பட்டம் அது. மூன்று வருஷத்தில் விடுதிக்குச் சலவை எடுக்க வருகிறவர்கூட அவள் மூட்டையில் அதைத்தான் எழுதினார். பட்டத்துக்கு ஏற்ற பெண்தான். படிக்கட்டில் ஏறினால் படியை எண்ணுவாள், வரிசையில் நின்றால் தனக்கு முன்னால் எத்தனை பேர், ஆளுக்கு எத்தனை நிமிஷம் என்று மனசுக்குள் ஓட்டுவாள். இது அப்பாவிடமிருந்து தொற்றியது. அவர் லிஃப்ட் மெக்கானிக். சின்ன வயதில் விடுமுறை நாட்களில் அவரோடு மாடிக் கட்டடங்களுக்குப் போய், மேல்தளத்து இயந்திர அறையில் எண்ணெய் டப்பாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். லிஃப்டுக்குள் 'எட்டு பேர்' என்று எழுதியிருப்பதைக் காட்டி ஒருநாள் கேட்டாள், ஒன்பதாவது ஆள் ஏறினால் கயிறு அறுந்துவிடுமா என்று.

"அறுந்துடுமா? அந்தக் கயிறு நாப்பது பேரைத் தாங்கும்" என்றார் அப்பா. பிறகு யாரோ ஒட்டுக்கேட்கிற மாதிரி குரலைத் தாழ்த்தினார். "ஆனா அதை ஏறுறவங்ககிட்ட சொல்லக் கூடாதும்மா. சொன்னா நாப்பது பேரும் ஏறிடுவான்."

வீட்டில் இது ரொம்ப நாள் ஓடிய வேடிக்கை. அம்மா இரண்டாவது தடவை சாப்பாடு போட வந்தால்கூட, "என் கயிறு எவ்வளவு தாங்கும்னு சொல்லமாட்டேன்" என்று அப்பா தட்டை மூடிக்கொள்வார்.

புள்ளிக்கு இப்போது கடைசி செமஸ்டர். மேற்கொண்டு இரண்டு வருஷம் படிக்க இரண்டு இடம் கிடைத்திருந்தது. ஒன்று இங்கேயே, அவளுடைய பேராசிரியரிடம். இன்னொன்று ரயிலில் ஒன்றரை நாள் தொலைவில் இருந்த பெரிய பல்கலைக்கழகம். அங்கிருந்து கடிதம் வந்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் இணையத்தில் படிவத்தை நிரப்பிச் சம்மதம் சொல்லவேண்டும், இல்லையென்றால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். விடுதி அறையின் அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் அவள் பென்சிலால் கோடு போட்டு இரண்டையும் எதிரெதிராக எழுதி வைத்திருந்தாள். கட்டணம், பஸ் செலவு, பாடத்திட்டம், வேலை வாய்ப்பு என்று ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பட்டியலுக்குக் கீழே வேறொரு கையெழுத்து கிறுக்கியிருந்தது. 'இங்கே' என்ற பக்கத்தில், "நான் இருக்கேன்." 'அங்கே' என்ற பக்கத்தில், "அங்கே போய் யாருடி உன்னை எழுப்பிவிடுவா?"

அது நெட்டை. அறைத்தோழி. வேதியியலில் ஐந்து வருஷப் படிப்பு, மூன்று முடிந்து இன்னும் இரண்டு பாக்கி. கட்டிலில் படுத்தால் கால் வெளியே நீளும். அவள் சட்டைக் கையில் எப்போதும் ஆய்வுக்கூடத்து வாடை அடிக்கும். அறைத் தாழ்ப்பாள் கழன்று விழுந்தபோது ஒரு கரண்டிக் காம்பை வளைத்துச் சொருகி மூன்று வருஷம் ஓட்டியவள். வாய் ஓயாது. பணத்தைப் பற்றி மட்டும் பேசமாட்டாள், எதுவாக இருந்தாலும் "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று கையை வீசிவிடுவாள். வசதியான வீட்டுப் பெண் என்றே புள்ளி நம்பியிருந்தாள்.

பேராசிரியருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் மெத்தை. அவ்வளவு மென்மையான பேச்சு. அவர் அறைக்குப் போனால் பிஸ்கட் நீட்டுவார், மாணவர்களை 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார், குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. நாலு மாதத்துக்கு முன்னால் புள்ளியை அழைத்து இறுதியாண்டு ஆய்வுக்கு இந்தத் தலைப்பைக் கொடுத்தவர் அவர்தான்.

"பணமில்லாம பாதியில படிப்பை விட்டுட்டுப் போறாங்களே, அவங்களை முன்கூட்டியே கண்டுபிடிச்சா கை கொடுக்கலாம் இல்லையா? உதவித்தொகைக் குழு கேக்குது. நானூறு பேர்கிட்ட கேட்டாப் போதும்" என்றார். கேள்வித்தாளையும் அவரே கொடுத்தார். "பல பல்கலைக்கழகத்துல இதே தாள்தான். வார்த்தையை மட்டும் மாத்திடாதீங்க."

பத்துக் கேள்விகள். ஆறு வரைக்கும் சாதாரணமாகப் போகும். ஏழாவதில்தான் விஷயம் இருந்தது. 'கட்டணம் உயர்ந்தால், படிப்பை விடாமல் தொடர, உங்கள் குடும்பம் ஒரு செமஸ்டருக்கு இன்னும் எவ்வளவு தாங்கும்?'

"பேர் வெளியே போகாதே சார்?"

"பேரே வேண்டாம். ரோல் நம்பர் போதும். கடைசியில அதையும் நீங்களே எடுத்துடுங்க" என்றார் மெத்தை.

புள்ளியிடம் ஒரு நல்ல குணம் இருந்தது. அந்த நல்ல குணம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. தான் பதில் சொல்லாத கேள்வியை அடுத்தவரிடம் கேட்கக் கூடாது என்று நினைப்பவள் அவள். அதனால் முதல் தாளை, ஒன்று என்று எண் போட்டு, தனக்கே நிரப்பினாள். ஏழாவது கேள்விக்கு அப்பாவைப் போனில் கூப்பிட்டாள். அவர் எங்கோ இயந்திர அறையில் இருந்தார், பின்னால் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது.

"இன்னும் எவ்வளவு தாங்கும்ப்பா? உண்மையைச் சொல்லுங்க, ஆய்வுக்கு."

அப்பா மோட்டாரை நிறுத்தினார். "பன்னிரண்டாயிரம்" என்றார். "உங்கம்மா பல்லுக்குன்னு எடுத்து வெச்சிருக்கறதையும் சேர்த்துதான் சொல்றேன். அவகிட்ட சொல்லிடாதே."

அதை அப்படியே எழுதினாள். பிறகு கிளம்பினாள் நானூறு பேரைத் தேடி. உணவகம், நூலகப் படிக்கட்டு, சலவை அறை, பஸ் நிறுத்தம் என்று ஒரு இடம் விடவில்லை. அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. எதிரே உட்காரமாட்டாள், பக்கத்தில் உட்காருவாள். ஏழாவது கேள்வி வந்ததும் எல்லாருக்கும் பேனா தயங்கும். அப்போது அவள் முந்திக்கொண்டு, "கூச்சப்படாதீங்க. முதல்ல எங்க வீட்டுக் கணக்கைச் சொல்லிடறேன். எங்களுக்குப் பன்னிரண்டாயிரம்" என்பாள். உடனே பேனா ஓடும். பூஜ்யம் போட்டவர்கள் முப்பத்தொரு பேர். பூஜ்யம் பதிலாகாது என்று தாளிலேயே குறிப்பு இருந்தது. ஆகவே அவர்களிடம் மறுபடியும் போய், பக்கத்தில் உட்கார்ந்து, சிரித்துப் பேசி, ஆளுக்கு ஒரு எண் வாங்கிவிட்டாள். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு தாள். எண்களைக் கணினியில் ஏற்றி வரைபடம் போட்டபோது பாதிக்கு மேல் பன்னிரண்டாயிரத்தைச் சுற்றித் தேனீ மாதிரி மொய்த்திருந்தன. இவ்வளவு சுத்தமான படத்தைத் துறையில் யாரும் பார்த்ததில்லை என்று மெத்தை தட்டிக்கொடுத்தார். அன்றைக்கு அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை.

திங்கட்கிழமை காலையில் விடுதிக்கு முதல் கட்ட உறைகள் வந்தன. பழுப்பு நிற உறை, மேலே ரோல் நம்பர். படிக்கட்டுக்குக் கீழே மேசையில் அடுக்கி வைத்திருந்தார்கள். ஒன்பது மணிக்குள் மூன்று மாடியும் சந்தைக்கடை ஆகிவிட்டது. ஒப்பிட வேண்டாம் என்றால் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா?

"எனக்கு மட்டும் ஏன்டி பதினோராயிரத்து தொள்ளாயிரம் ஏத்தியிருக்கான்? உனக்கு ஒன்பதாயிரத்து தொள்ளாயிரம்தானே?" என்று எதிர் அறைப் பெண் கத்தினாள். பக்கத்து அறைக்காரி தனக்குப் பன்னிரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் என்று காட்டினாள். 'மாணவர் நலன் சிறப்புக் கட்டணம்' என்று எல்லாத் தாளிலும் ஒரே பெயர், எண் மட்டும் ஆளுக்கொன்று. எந்த எண்ணை எடுத்தாலும் தொள்ளாயிரத்தில் முடிந்தது.

புள்ளி தன் உறையைப் பிரித்தாள். முதுகலைச் சேர்க்கைக் கட்டணத்துக்குக் கீழே, பதினோராயிரத்துத் தொள்ளாயிரம். அப்பா சொன்னதில் நூறு குறைவு.

ஏழாவது கேள்விக்கு வந்த பதில்களை மனசுக்குள் ஓட்டினாள். எதிர் அறைப் பெண் எழுதியது பன்னிரண்டு. பக்கத்து அறைக்காரி எழுதியது பதின்மூன்று. அவளுக்கு நினைவிருந்தது, எண்கள் அவளுக்கு மறப்பதில்லை. அறைக்கு ஓடி மடிக்கணினியைத் திறந்து மெத்தைக்கு அனுப்பிய அட்டவணையைப் பார்த்தாள். திரையில் ரோல் நம்பர் எதுவும் இல்லை. அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டாள். பிறகுதான் கவனித்தாள். அட்டவணைப் பத்திகளுக்கு மேலே வரிசையாக இருக்கவேண்டிய ஆங்கில எழுத்துகள் A-யிலிருந்து தொடங்கவில்லை, B-யிலிருந்து தொடங்கின.

முதல் பத்தியை அவள் அழிக்கவில்லை. மறைத்திருந்தாள். பூஜ்யம் போட்டவர்களை மறுபடி தேட வேண்டியிருந்ததால் ரோல் நம்பர் தேவைப்பட்டது. வேண்டும்போது காட்டிக்கொள்ளலாம், வேண்டாதபோது மறைத்துக்கொள்ளலாம் என்று செய்தது. மெத்தை மூன்று தடவை திருத்தம் சொன்னார், மூன்று தடவையும் அவசரம். கடைசியில் அழித்துவிடலாம் என்று நினைத்தாள். கடைசி எப்போது வந்தது என்றே தெரியாமல் போய்விட்டது. இரண்டு சொடுக்கில் யார் வேண்டுமானாலும் அந்தப் பத்தியைத் திறந்துவிடலாம். யாரோ திறந்துவிட்டார்கள்.

நெட்டை பன்னிரண்டு மணிக்கு ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தாள். கையில் பிரிக்காத உறை. "கீழே என்னடி கலவரம்? எனக்கும் லவ் லெட்டர் வந்திருக்கு பாரு" என்று சிரித்துக்கொண்டே கிழித்தாள். படித்தாள். சிரிப்பு அப்படியே நின்றது. கட்டிலில் உட்கார்ந்தாள், கால் இரண்டையும் மடக்கி, இருக்கிற உயரத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு.

"பதினாலாயிரத்து தொள்ளாயிரம்" என்றாள் புள்ளி.

"உனக்கெப்படித் தெரியும்?"

புள்ளி சொன்னாள். எதையும் மறைக்கவில்லை, தாள், பத்தி, அனுப்பியது எல்லாவற்றையும் சொன்னாள். முடித்துவிட்டுத்தான் அழுதாள். "ஆனா நீ பதினஞ்சு எழுதியிருந்தேல்ல, அதுக்குள்ளதானே வந்திருக்கு, கட்டிடலாம்ல?" என்று கடைசியில் ஒரு நப்பாசையோடு கேட்டாள்.

நெட்டை கை நீட்டி, தாழ்ப்பாளில் சொருகியிருந்த கரண்டிக் காம்பை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினாள்.

"எங்க வீட்டுல நாலாயிரம்தான்டி முடியும். அதுவும் மாமா மனசு வெச்சா."

"அப்புறம் ஏன்டி பதினஞ்சுன்னு எழுதின?"

"நீ பக்கத்துல உக்காந்திருந்தே. முதல்ல உங்க வீட்டுக் கணக்கைச் சொன்னே. லிஃப்ட் மெக்கானிக் பொண்ணு பன்னிரண்டுன்னு சொல்றா. உன் முன்னாடி நாலுன்னு எழுத எனக்குக் கை வரலை." அவள் உறையை நாலாக மடித்தாள். "யாருக்குத்தான் வந்திருக்கும்?"

அந்த ஒரு வாக்கியத்தில் புள்ளியின் நாலு மாத வேலையும் சரிந்து விழுந்தது. பன்னிரண்டைச் சுற்றி மொய்த்த தேனீக்கள். அவள் பெருமைப்பட்ட, மெத்தை மெச்சிய அந்தச் சுத்தமான படம். அது நானூறு குடும்பங்களின் கணக்கே அல்ல. அவளுடைய ஒரு குடும்பத்தின் கணக்கும், அதைக் கேட்டு வெட்கப்பட்டவர்களின் கணக்கும்தான். எத்தனை பேர் நெட்டை மாதிரி ஏற்றி எழுதினார்கள்? அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியாத எண் என்று வாழ்க்கையில் ஒன்று வந்து நின்றது, அதுவும் இந்த மாதிரி நேரத்தில்.

செவ்வாய்க்கிழமை காலை மெத்தையின் அறைக்குப் போனாள். இராத்திரியெல்லாம் மனசுக்குள் போட்ட சண்டையை அப்படியே கொட்டிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். அவர் வழக்கம்போல பிஸ்கட் தட்டை நீட்டினார்.

"சார், ரோல் நம்பர் நிர்வாகத்துக்கு எப்படிப் போச்சு?"

"நீங்க அனுப்பினதைத்தான் நான் அனுப்பினேன். நான் திறந்துகூடப் பார்க்கலை. அங்கே யாரோ கவனிச்சிருக்காங்க. கெட்டிக்காரங்க" என்றார். அவர் முகத்தில் கோபமுமில்லை, வருத்தமுமில்லை.

"உதவித்தொகைக்குன்னு சொன்னீங்களே சார்."

"இதுவும் உதவிதானே? முன்னாடி எல்லாருக்கும் ஒரே மாதிரி ஏத்துவாங்க, தாங்க முடியாதவங்க போயிடுவாங்க. இப்ப அவங்கவங்க தாங்கற அளவுக்குத்தான். அதுலயும் நூறு குறைச்சிருக்கு. ஒருத்தர்கூடப் படிப்பை விட்டுப் போகமாட்டாங்க. உங்க வேலையோட அழகே அதுதான்."

"இல்ல சார். அந்த எண்ணெல்லாம் தப்பு. நான் முதல்ல என் எண்ணைச் சொல்லிட்டேன். அதைக் கேட்டுட்டு எல்லாரும் ஏத்தி எழுதிட்டாங்க. நிறைய பேர் போயிடுவாங்க சார். என் ரூம்மேட்டே..."

மெத்தை பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி பொறுமையாகக் கேட்டார். "எத்தனை பேர்?" என்றார்.

"தெரியலை."

"பார்த்தீங்களா. அப்ப அதையும் அடுத்த தடவை கேட்டுடுங்க." அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். ஆய்வு உதவியாளர் பணி. முதுகலைக் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி, விடுதி இலவசம். செய்யவேண்டிய வேலை ஒரே வரியில் இருந்தது: மீதமுள்ள நாலாயிரம் மாணவர்களிடமும் இதே கேள்வித்தாள். "உங்களுக்கு வந்த உறையைக் கிழிச்சுப் போட்டுடலாம். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க. உங்ககிட்ட எல்லாரும் மனசைத் திறந்து பேசறாங்க, அது எல்லாருக்கும் வராது."

அவள் மறுத்துப் பேசிவிட்டு வெளியே வந்தாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவள் அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "யோசிச்சு சொல்றேன் சார்" என்றாள். அம்மா மூன்று வருஷமாக இடதுபக்கமே மென்று சாப்பிடுவது அப்போது அவளுக்கு நினைவுக்கு வந்திருந்தது. கட்டணம் இல்லையென்றால் அந்தப் பணம் பல்லுக்குப் போகும். கையெழுத்து ஒன்று போட்டால் போதும்.

புதன்கிழமை அவளால் பொறுக்க முடியவில்லை. ஒரு பெரிய தாளில் எழுதினாள்: ஏழாவது கேள்விக்கு நீங்கள் சொன்னதை என் தவறால் நிர்வாகம் பார்த்துவிட்டது, உங்கள் உறையில் இருப்பது அந்த எண்தான், ஏற்றி எழுதியவர்கள் தயவுசெய்து துறைக்கு வந்து சொல்லுங்கள். கீழே தன் முழுப்பெயரையும் போட்டாள். கண்ணாடிப் பலகை பூட்டியிருந்ததால் கண்ணாடிமேலேயே பசை தடவி ஒட்டினாள். ஒரு வகுப்பு முடிந்து திரும்பி வருவதற்குள் காணோம். வாயிற்காவலர் அவளைப் பார்த்ததும் எழுந்து வந்து, நாலாக மடித்த தாளை மரியாதையாக நீட்டினார்.

"உங்களுதாம்மா. கீழே விழுந்து கிடந்துச்சு."

"ஒட்டியிருந்தேனே."

"விழுந்து கிடந்துச்சும்மா" என்றார் அவர் மறுபடியும். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடி துடைத்துப் பளபளவென்றிருந்தது, பசையின் தடம்கூட இல்லை.

வியாழக்கிழமை நெட்டை கிளம்பினாள். ஊரில் மருந்துக் கடையில் வேலை சொல்லியிருக்கிறார்களாம், ஒரு வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வருவாளாம். வரமாட்டாள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். பெட்டியைப் பூட்டிவிட்டு அலமாரிக் கதவைத் திறந்து, 'நான் இருக்கேன்' என்று எழுதியிருந்ததை அழிப்பானால் நிதானமாகத் தேய்த்தாள்.

"என்னைத் திட்டவாவது செய்யேன்டி" என்றாள் புள்ளி.

"உன்னைத் திட்டி என்ன? பொய் எழுதினது நான்தானே." அவள் குனிந்து, வாசல் நிலையில் தலை இடிக்காமல் வெளியே போனாள். "பரவாயில்ல, விடு. அதெல்லாம் பார்த்துக்கலாம்."

அந்தப் 'பரவாயில்ல'வுக்குப் பதில் கன்னத்தில் நாலு அறை வாங்கியிருக்கலாம். புள்ளி கதவைச் சாத்தினாள், கரண்டிக் காம்பு கழன்று விழுந்தது. அதை எப்படி மறுபடி சொருகுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. மூன்று வருஷத்தில் ஒருநாளும் கற்றுக்கொள்ளவில்லை. பக்கத்துக் கட்டிலில் படுக்கை சுருட்டி வைக்கப்பட்டிருந்தது, அதைப் பார்க்கவே பயமாக இருந்தது. இதே மாடியில் இன்னும் ஒன்பது பெட்டிகள் நடைபாதைக்கு வந்திருந்தன. அவள் எண்ணக் கூடாது என்று நினைத்தாள், எண்ணிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு அவள் முடிவெடுத்தாள். மெத்தை கொடுத்த தாளை இரண்டாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். இன்னும் நாலாயிரம் பேர் பக்கத்தில் போய் உட்கார அவளால் முடியாது. தூரத்துப் பல்கலைக்கழகமே போவது, அங்கே யாரும் அவளை நம்பி எதையும் சொல்லியிருக்கவில்லை. மடிக்கணினியைத் திறந்து படிவத்தை நிரப்பத் தொடங்கினாள். பெயர், முகவரி, மதிப்பெண், அப்பா வேலை. கை வேகமாக ஓடியது. பதினொன்றரைக்குக் கடைசிப் பக்கம் வந்தது.

'கட்டணம் உயர்ந்தால், படிப்பை விடாமல் தொடர, உங்கள் குடும்பம் ஒரு செமஸ்டருக்கு இன்னும் எவ்வளவு தாங்கும்? உங்கள் பதில் யாருக்கும் தெரிவிக்கப்படாது.'

ஒரு வார்த்தை மாறவில்லை. கேள்வி எண் ஏழு.

அவள் அப்பாவைக் கூப்பிட்டாள். ஏன் கூப்பிட்டாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. ஒரு குரல் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

"அதே கேள்வியாம்மா?" என்றார் அப்பா. பின்னால் மோட்டார் உறுமியது. "தூரமா வேற போறே. பதினஞ்சுன்னு போடு. உங்கம்மா பல்லு இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும்."

"வேண்டாம்ப்பா. ஏறுறவங்ககிட்ட கயிறு கணக்கைச் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க?"

அவர் சிரிக்கவில்லை. "அது லிஃப்டுக்கும்மா. இது உன் படிப்பு" என்றார். "மணி ஆகுது, போட்டுடு. வெச்சுடறேன்."

அவள் பூஜ்யம் போட்டாள். கட்டம் சிவந்தது. 'பூஜ்யம் பதிலாகாது. எங்கள் மாணவ உதவியாளர் ஒருவர் உங்களை அழைப்பார்.' பதினொன்று நாற்பது. பதினொன்று நாற்பத்தைந்து. அவள் மறுபடி பூஜ்யம் போட்டாள், மறுபடி சிவந்தது. முப்பத்தொரு பேர் நினைவுக்கு வந்தார்கள், ஒவ்வொருவர் முகமும்.

பதினொன்று ஐம்பத்திரண்டுக்குப் போன் அடித்தது.

"அக்கா, வணக்கம்" என்றது ஒரு பெண் குரல். இளசான, இனிமையான குரல், கேட்டாலே நம்பத் தோன்றும். "நானும் இங்க படிக்கிறவதான். ஏழாவது கேள்வி மட்டும் பாக்கி இருக்குக்கா, பன்னிரண்டு மணிக்கு லிங்க் மூடிடும். கூச்சப்படாதீங்க. முதல்ல எங்க வீட்டுக் கணக்கைச் சொல்லிடறேன். எங்களுக்கு இருபதாயிரம்."

நெட்டைக்கு எழுதக் கை வராத அந்த நாலாயிரத்தையே சொல்லிவிட வேண்டும். புள்ளிக்கு அது தெரியும், இந்த உலகத்தில் வேறு யாரையும்விட நன்றாகத் தெரியும். வாயைத் திறந்தாள். இருபதுக்குப் பக்கத்தில் நாலு என்ற எண்ணை நாக்கு தூக்கவே மாட்டேன் என்றது. முகம் பார்க்காத ஒரு பெண், ஒன்றரை நாள் தொலைவில் இருப்பவள், அவளிடம் என்ன வெட்கம்? காது மடல் சுட்டது.

"பதினஞ்சு" என்றாள்.

"சூப்பர்க்கா. போட்டுட்டேன். உங்க இடம் உறுதி ஆயிடுச்சு."

"தங்கச்சி, ஒரு நிமிஷம்." "அந்த லிஸ்ட்ல எங்க பேர், நம்பர் எல்லாம் இருக்கா?"

"அய்யோ, பயப்படாதீங்கக்கா" என்று அந்தப் பெண் சிரித்தாள். "அதையெல்லாம் மறைச்சுதான் வெச்சிருக்கேன்."